பட்டியலில் இல்லாத பன்னிரண்டு பேர்

ஓணப் பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில்தான் வேங்கமூலை அரசுப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் அந்தப் பட்டியல் ஒட்டப்பட்டது. மேலே 'பணிய நடனம்' என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு பெயர்கள். பத்தாம் வகுப்பு வினிஷா அதை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தாள். கீழிருந்து மேலே ஒரு முறை படித்தாள். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடப் பணியர் இல்லை.

வயநாட்டுப் பழங்குடிகளான பணியர்களின் ஆட்டத்தை மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் போட்டியாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஜூன் மாதம் சேதி வந்தபோது, பிள்ளைகளை ஏற்றிவரும் ஜீப்பே குலுங்கிச் சிரித்தது.

"வயல்ல குனிஞ்சு நிமிந்து ஆடுறதுக்கு மேடையா? மைக் செட்டா?" என்று அம்பிளி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மார்க்கும் உண்டாம்டீ," என்றாள் வினிஷா.

"அப்ப எங்க அம்மா இத்தனை வருஷத்துக்கு டாக்டராயிருக்கணுமே."

மார்க் உண்டு என்பது நிஜம்தான். மாநில மேடை வரை போய் ஏ கிரேடு வாங்கினால் பொதுத்தேர்வில் கிரேஸ் மார்க் சேர்ப்பார்கள். எல்லாப் பாடத்திலும் ஏ ப்ளஸ் வாங்குவதற்கு ஓரிரண்டு மார்க் குறையும் பிள்ளைகளுக்கு அது பெரிய கைப்பிடி. பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேரும் அப்படி விளிம்பில் நின்றவர்கள். முதல் பெயர் ஐரின், வினிஷாவின் வகுப்புதான். நன்றாகப் படிப்பாள், கெட்டவளும் இல்லை.

வினிஷா நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள். கலைவிழாப் பொறுப்பு மெர்சி டீச்சரிடம் இருந்தது.

"டீச்சர், லிஸ்ட்டுல எங்க ஊர்ப் புள்ளைங்க பேரு ஒண்ணுகூட இல்லையே."

"ரூல் அப்படி மோளே. ரெண்டு பாடத்துல ஃபெயிலானவங்க கலைக்கும் கிடையாது, விளையாட்டுக்கும் கிடையாது. ஹெட்மாஸ்டர் போட்டது. உங்க நல்லதுக்குத்தான்."

"அம்பிளி ஒரு பாடத்துலதான் ஃபெயில்."

"அவளுக்கு அட்டெண்டன்ஸ் இல்லையே."

"எட்டாம் வகுப்பு ஸ்வாதி எல்லாத்துலயும் பாஸ். ஒரு நாளும் லீவு இல்ல."

டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். "அந்தப் புள்ள மேடைன்னா பயந்துக்கும்."

"அவகிட்டக் கேட்டீங்களா டீச்சர்?"

டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு, உன்னை நான் விட்டுடல. தினமும் பி.டி. பீரியட்ல வந்து இவங்களுக்கு அடி வைக்கிறது எப்படின்னு சொல்லிக்குடு. இவங்களுக்குக் குனியவே வரல. நீ நின்னு காட்டினா போதும்."

"எனக்குப் படிக்கணும்ல டீச்சர். ரெண்டு பாடத்துல ஃபெயில்."

"தினமும் அரை மணி நேரம்தானே."

"ஆட நேரமில்லாதவளுக்கு ஆட்டம் சொல்லிக்குடுக்க மட்டும் எப்படி டீச்சர் நேரம் வரும்?"

பக்கத்து மேசையில் கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வினிஷா கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள். சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கதை நடந்திருந்தது. அம்மாவின் அண்ணன் சோமன் முற்றத்தில் துடியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் சோமனைப் போலத் துடி அடிக்க ஆள் கிடையாது. அவர் முகத்தில் அன்று கல்யாணக் களை.

"உங்க ஹெட்மாஸ்டர் வந்துட்டுப் போனார். இந்த முத்தத்துல, இதோ இந்த ஸ்டூல்ல உக்காந்து கட்டஞ்சாயா குடிச்சார். புள்ளைங்களுக்குப் பழக்கிக் குடுக்கணுமாம். திங்கள் கிழமைலருந்து போறேன்."

"எந்தப் புள்ளைங்களுக்கு மாமா?"

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு."

"அதுல நான் இல்ல. அம்பிளி இல்ல. நம்ம ஊர்ல ஒருத்தரும் இல்ல. நமக்கு மார்க் இல்லையாம்."

சோமனின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி துடைக்க ஆரம்பித்தார். "இருக்கட்டுமே. கத்துக்குடுத்தா நமக்கு என்ன குறைஞ்சுடும்? யாரு ஆடினா என்ன?"

"யாரு வேணா ஆடட்டும் மாமா. நான் வேண்டாங்கல. எங்களை ஆடக்கூடாதுன்னு சொல்லிட்டு ஆடக்கூடாது."

அம்மா அம்மிணி அடுப்படியிலிருந்து கப்பைக் கிழங்குச் சட்டியை இறக்கிக்கொண்டே குரல் கொடுத்தாள். "நீ மொதல்ல பாஸாகு. அப்புறம் சண்டை போடு."

"ரெண்டையும் சேத்தே பண்றேன்."

"வாயி மட்டும் நூத்துக்கு நூறு வாங்குது," என்றாள் அம்மிணி.

திங்கட்கிழமை சோமன் போகத்தான் செய்தார். பள்ளிக்கூடத்து ஹாலில் துடிச் சத்தம் கேட்டது. கணக்கு வகுப்பில் வினிஷா சமன்பாட்டைப் பிரித்துக்கொண்டிருக்கையில் அது ஜன்னல் வழியாக வந்து பெஞ்சுக்கு அடியில் அவள் இடது காலைப் பிடித்தது. அவள் வலது காலால் இடது காலை மிதித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாமனிடம் அவள் பேசவில்லை. அவர் சாப்பாட்டுக்கு வந்தால் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஒரு நாள் குழாயடியில் ஐரின் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "வினிஷா, அந்தச் சுத்துல திரும்புற இடம் எனக்கு வரவே மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை காட்டேன்."

"மாட்டேன்," என்றாள் வினிஷா.

ஐரினின் முகம் சுண்டிப்போனது. வினிஷாவுக்கும் அது பிடிக்கவில்லைதான். ஆனாலும் காட்டவில்லை.

பணியப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் மெண்டர் டீச்சர் என்று ஒருவர் உண்டு. ஸ்ரீலேகா என்று பெயர், தினக்கூலி வேலை. கலைவிழா விதிப் புத்தகத்தை அவருடைய போனிலிருந்து அச்செடுத்து அம்பிளி வாங்கி வந்தாள். நாற்பது பக்கம். ஜீப்பில் வரப்போக இருவரும் அதை வரி வரியாகப் படித்தார்கள். அவ்வளவு கவனமாக அவர்கள் எந்தப் பாடப் புத்தகத்தையும் படித்ததில்லை. மேடையின் நீளம் எழுதியிருந்தது. எத்தனை நிமிடம் என்று எழுதியிருந்தது. ஃபெயிலானவர்கள் ஆடக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பள்ளிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குழு இருந்தால் போட்டி வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"அப்ப இன்னொரு குழு வேணும். அவ்வளவுதானே," என்றாள் வினிஷா.

"பன்னெண்டு பேருக்கு எங்கடீ போறது?"

பதிவேட்டில் பணியப் பிள்ளைகள் முப்பத்து நாலு பேர். நிஜமாக வருகிறவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஆடுகிறவர்களும் துடி அடிக்கிற இரண்டு பையன்களுமாகச் சேர்த்து எட்டுப் பேர் தேறினார்கள். மீதி நாலு பேருக்காக வினிஷா ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனாள். அதில் ஒருத்தி சுனிஜா. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டுக் குடகில் இஞ்சி பறிக்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"மெண்டர் டீச்சர் நாலு தடவை வந்தாங்க. வரலைன்னு சொல்லிட்டேன்," என்றாள் சுனிஜா, துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே.

"நான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடல. ஆடக் கூப்பிடறேன். ஆடணும்னா பதிவேட்டுல பேரு வேணும். பேரு இருக்கணும்னா போய் உக்காரணும். அதுக்கு நான் என்ன பண்றது?"

"உக்காந்தா மட்டும் போதுமா?"

"தூங்கினாக்கூடப் பரவாயில்ல. குறட்டை விடாத."

சுனிஜா சிரித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஜீப்பில் ஏறினாள். அந்த வாரத்துக்குள் மற்ற மூவரும் ஏறினார்கள். ஆற்றங்கரைப் பாறையில் மாலை நேரங்களில் பழகினார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆடுகிற பத்துப் பேரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஹெட்மாஸ்டர் விஜயராகவன் சார் கொடியவர் அல்ல. போன வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் வரவில்லை என்று மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்கப்பட்டவர். அன்றிலிருந்து அவருக்குச் சதவீதம் என்றால் தூக்கம் கெடும். போட்டி வைக்கச் சொல்லி வினிஷா எழுதிக் கொடுத்த மனுவை அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"உங்க ஊர்ப் புள்ளைங்க பாஸாகணும்னுதானே நான் இத்தனை பாடுபடறேன். அது உனக்குப் புரியுதா?"

"புரியுது சார். போட்டி எப்ப சார்?"

"போட்டியெல்லாம் கிடையாது. குழு முடிவாயாச்சு."

"சரி சார். போட்டி வைக்க மாட்டோம்னு எழுதிக் குடுங்க. எங்க ஊர்ல கேட்டா காட்டணும்."

அவர் அவளையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதிக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காத காரியம். வெள்ளிக்கிழமை போட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. நடுவர்களாக வெளியிலிருந்து ஒரு நாட்டிய டீச்சரும் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியாரும் வந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் மெண்டர் டீச்சர் அடம்பிடித்துக் கூட்டிவந்தவர், பக்கத்துப் பஞ்சாயத்துப் பணியப் பெண், வார்டு உறுப்பினர். முதலில் ஐரின் குழு ஆடியது. ஒரே மாதிரிச் சேலை, ஒரே மாதிரிப் பூ, ஒரே மாதிரிச் சிரிப்பு. ஆட்டத்தில் தப்பு இல்லை. ஓரத்தில் சோமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்து வினிஷாவின் குழு. அம்மாக்களின் வெள்ளைத் துணியை மார்புக்கு மேலே கட்டி, இடுப்பில் சிவப்புப் பட்டை சுற்றி, குன்றிமணி பதித்த காதோலை போட்டிருந்தார்கள். துடி விழுந்ததும் வட்டம் குனிந்தது. அடிவயிற்றிலிருந்து எழுந்து தோளுக்கு வந்து விரல் நுனியில் உதறி மறுபடி தரைக்குப் போயிற்று ஆட்டம். யாரும் சிரிக்கவில்லை. சுனிஜாவின் முதுகு மற்றவர்களைவிட ஒரு சாண் தாழ்ந்து போனது. இஞ்சிக் காட்டில் எட்டு மாதம் குனிந்த முதுகு அது. ஹாலில் இருந்த பிள்ளைகள் கைதட்ட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூவரில் இருவர் வினிஷாவின் குழுவுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஹெட்மாஸ்டர் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டார். கையில் புதுப் பட்டியல். "ஜெயிச்சது நீங்கதான், நான் இல்லைங்கல. ஆனா வினிஷா, சுனிஜா, அம்பிளி மூணு பேரும் பரீட்சை எழுதுற நிலைமையிலயே இல்ல. இவங்களுக்குப் பதிலா அந்தக் குழுலருந்து மூணு பேர். ஒன்பது உங்களோடது, மூணு அவங்களோடது. யாருக்கும் வருத்தம் இருக்காது."

"எங்களுக்கு இருக்கு சார்," என்றாள் எட்டாம் வகுப்பு ஸ்வாதி. மேடை பயம் என்று சொல்லப்பட்ட அதே பிள்ளை. "போனா பன்னெண்டு பேரும் போவோம். இல்லைன்னா ஒருத்தரும் போக மாட்டோம்."

"அப்ப ரெண்டாவது குழு போகட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேரு ஏத்தணும்."

அவர்கள் அலுவலகத்துக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் போடவில்லை. வினிஷா பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். "எல்லாரும் எடுங்க. படிக்கலைன்னு ஒரு ஆளு சொல்லக் கூடாது." உச்சிவெயில் வரை கணக்குப் போட்டார்கள். போகிற வருகிற ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வாத்தியார் நின்று, ஸ்வாதியின் நோட்டில் ஒரு தப்பைத் திருத்திவிட்டுப் போனார்.

அலுவலகத்திலிருந்து அம்மாக்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவள் அம்மிணி ஒருத்திதான். மிளகுத் தோட்டத்திலிருந்து இடுப்பில் கட்டிய சாக்கோடு அப்படியே நடந்து வந்திருந்தாள். ஹெட்மாஸ்டர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எதிரே தட்டச்சு செய்த ஒரு தாள், பக்கத்தில் மைப் பெட்டி.

"இதுல கைநாட்டு வெச்சாப் போதும் அம்மிணி. உன் பொண்ணு நல்லதுக்குத்தான்."

"மை வேண்டாம் சார். எனக்குக் கையெழுத்து வரும்."

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். வினிஷா வாசலில் நின்று பார்த்தாள். காலையில்கூட வீட்டில், பாஸாகிற வழியைப் பார் என்று திட்டிவிட்டுப் போன அம்மா அவள்.

"என்ன எழுதியிருக்குன்னு என் பொண்ணு படிக்கட்டும். கையெழுத்துதான் வரும், படிக்க நேரமாகும்."

வினிஷா தாளை எடுத்தாள். குரல் உடையாமல் படித்தாள். "என் மகள் வினிஷா படிப்பில் பின்தங்கியிருப்பதாலும், ஆட்டபாட்டங்களில் அவளுக்குள்ள அளவுகடந்த ஆர்வமே அதற்குக் காரணமாக இருப்பதாலும், அவளைக் குழுவிலிருந்து விலக்கிக்கொள்ள எனக்குச் சம்மதம்."

அம்மிணி தாளை வாங்கி மேசையில் வைத்தாள். "இதுல ஜூலை மாசம் மூணு வாரம் ஜீப் வராதது எங்க இருக்கு?"

"அது வேற விஷயம்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"காட்டு வழியில ஆனை நின்னு, புள்ளைங்க பாதி வழியில திரும்பி வந்த நாளெல்லாம்?"

"அதை நாம என்ன பண்ண முடியும் அம்மிணி?"

"ஒண்ணும் பண்ண முடியாது சார். எழுதலாம்ல. இவ ஆடி ஃபெயிலானான்னு எழுதியிருக்கீங்க. இவ ஆட ஆரம்பிச்சது போன மாசம். ஃபெயிலானது அதுக்கு முன்னாடி."

மெர்சி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவ நல்லதுக்குத்தான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். நானும் தினமும் திட்டறேன். ஆனா முழுசா எழுதுங்க. முழுசா எழுதினா கையெழுத்துப் போடறேன். அரைகுறையா எழுதினதுல என் பேரு வராது."

அவள் பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் மகளைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை. "சாயங்காலம் வரும்போது உப்பு வாங்கிட்டு வா," என்று மட்டும் சொன்னாள்.

நாலரை மணிக்கு ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார். வராந்தாவில் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். "டீச்சர், இவங்க பேரையே ஏத்திடுங்க," என்றார். உள்ளே போகுமுன் திரும்பி, "டிசம்பர் பரீட்சையில பார்த்துக்கறேன்," என்றார். பயமுறுத்தலாகச் சொன்னாரா, வேண்டுதலாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கலைவிழாவின் முதல் கட்டமான உபமாவட்டப் போட்டி நவம்பர் கடைசியில். அன்று காலை சோமன் யாரும் கூப்பிடாமலே வந்து, முற்றத்தில் நெருப்பு மூட்டி, பையன்களின் இரண்டு துடிகளையும் சூடுகாட்டி முறுக்கேற்றினார். விரலால் தட்டிப் பார்த்து வினிஷாவின் பக்கம் நீட்டினார். "கேட்டுப் பாரு."

"நல்லா இருக்கு மாமா," என்றாள் அவள். இரண்டு மாதமாக அவள் சேர்த்து வைத்திருந்த கோபம் அதோடு முடிந்தது.

ஒப்பனைக்கு ஒரு வகுப்பறையை ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஸ்வாதி வினிஷாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். டவுனிலிருந்து வந்த ஒரு பள்ளியின் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பனைக்காரர் ஒரு டப்பாவிலிருந்து கறுப்புச் சாயத்தை எடுத்து அவர்கள் முகத்திலும் கழுத்திலும் கையிலும் பூசிக்கொண்டிருந்தார். வெளுத்த உள்ளங்கைகள் மட்டும் மடியில் மல்லாந்து கிடந்தன.

ஒப்பனைக்காரர் இவர்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு யாரு போட்டது? அசலா இருக்கே."

"பொறந்தப்பவே போட்டது," என்றாள் வினிஷா. "நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"பணியர் மாதிரி தெரியணும்ல. இல்லைன்னா ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்?"

வினிஷா பாதி முகம் பூசியிருந்த ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்றாள். அவள் வயதுதான். "உன் ஆட்டம் நல்லா வருமா?"

அந்தப் பெண் தலையாட்டினாள்.

"அப்ப இது எதுக்கு? தொடச்சிட்டு ஆடு."

அவர்களுடைய டீச்சர் வேகமாக வந்தார். "ஏய், காலனிப் புள்ள, உன் வேலையைப் பாரு."

"என் வேலையைத்தான் பாக்கறேன் டீச்சர். எங்க மூஞ்சியை அந்த டப்பாக்குள்ள வெச்சிருக்கீங்க."

மேடைப் பொறுப்பாளரிடம் போய்ப் புகார் சொன்னாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒப்பனைக்குத் தடை என்று அதில் ஒரு வரியும் கிடையாது. அதை அவளும் படித்திருந்தாள். திரும்பி வந்தபோது பாதி முகம் பூசியிருந்தவள் குழாயடியில் நின்று கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய டீச்சர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் பதினோரு கறுத்த முகங்களுக்கு நடுவே ஒரு சிவந்த முகமாக அவள் ஆடினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

வினிஷாவின் குழு ஆடியபோது பின்வரிசையில் பல ஊர்களிலிருந்து வந்திருந்த பணியப் பெண்கள் எழுந்து நின்றார்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளி, அங்கேயே வட்டம் கட்டினார்கள். மேடையில் ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், இரண்டுக்கும் ஒரே துடி. மைக்கில் உட்காரச் சொன்னார்கள். யாரும் உட்காரவில்லை. அந்த எட்டு நிமிடத்தில் வினிஷாவுக்கு மார்க் ஞாபகம் வரவில்லை. ஹெட்மாஸ்டர் ஞாபகம் வரவில்லை. தன் கால் தரையில் விழுகிற இடம் மட்டும்தான் தெரிந்தது.

முதலிடம் டவுன் பள்ளிக்குப் போனது. வேங்கமூலைக்கு ஏ கிரேடும் இரண்டாம் இடமும். முதலிடம் பெற்றவர்கள்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கிரேஸ் மார்க் அதோடு போயிற்று.

சான்றிதழை வாங்கியபின் வினிஷா நடுவரிடம் நேராகவே கேட்டாள். "எங்ககிட்ட என்ன குறை சார்?"

"முகபாவம் போதலம்மா. கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்திருக்கலாம்."

"நாத்து நடுறப்ப யாரு சார் சிரிப்பாங்க?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றாள். அவர் பைலை எடுத்துக்கொண்டு வேறு மேடைக்குக் கிளம்பினார்.

ஜீப்பில் திரும்பும்போது ஸ்வாதி அழுதாள். சுனிஜா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் நீ பத்தும் இல்ல, பரீட்சையும் இல்ல, சும்மா ஆடுவ. அழாத." பாதி வழியில் பையன்கள் துடியை எடுத்தார்கள். ஓட்டுநர் பௌலோஸ், ஆனை வரும் வழி என்று சத்தம் போட்டார். கொஞ்சம் மெதுவாக அடித்தார்கள்.

அதன்பின் எல்லாம் நன்றாக நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காப்பி பறிக்கிற காலம் வந்ததும் அந்தப் பன்னிரண்டில் மூன்று பேர் மறுபடி நின்றுவிட்டார்கள். சுனிஜா நிற்கவில்லை. டிசம்பர் பரீட்சையில் வினிஷா இயற்பியலில் மறுபடி தவறினாள், கணக்கில் தேறினாள். ஐரின் தானாக வந்து தன் இயற்பியல் நோட்டைக் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள வினிஷாவுக்கு இரண்டு நாள் ஆனது. வாங்கிய பிறகு அதை மூன்று முறை எழுதிப் பார்த்தாள். மார்ச்சில் பொதுத்தேர்வு. மே மாதம் முடிவு வந்தபோது அவள் இயற்பியலில் தேறப் போதுமான டி ப்ளஸை மயிரிழையில் வாங்கியிருந்தாள், கணக்கில் சி. அம்பிளி ஒரு பாடத்தில் தவறி, ஜூனில் எழுதித் தேறினாள். பள்ளி வாசலில் கட்டிய பேனரில் எல்லாவற்றிலும் ஏ ப்ளஸ் வாங்கிய எட்டுப் பேரின் படம் இருந்தது. அதில் ஐரினும் இருந்தாள், ஒரு கிரேஸ் மார்க்கும் இல்லாமல்.

ப்ளஸ் ஒன் விண்ணப்பம் போட உதவிக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். கணினியின் முன்னால் முன்பின் தெரியாத ஒரு டீச்சர். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"கலை, விளையாட்டு ஏதாவது உண்டா?"

வினிஷா சான்றிதழை நீட்டினாள். டீச்சர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உபமாவட்டம், அதுலயும் ரெண்டாமிடம். இதுக்குப் பாயிண்ட் கிடையாது மோளே."

"பாயிண்ட் வேண்டாம் டீச்சர். கட்டம் இருக்குல்ல, அதுல எழுதுங்க."

"எழுதினாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல. சீட்டுக்கு இதைப் பாக்கவே மாட்டாங்க."

"பாக்க வேண்டாம். எழுதுங்க."

பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். டீச்சர் அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு விசைப் பலகையைத் தட்டினார். வினிஷா மேசையின் மேல் சாய்ந்து, திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பணிய நடனம். ஏ கிரேடு. இரண்டாம் இடம்.

"போதுமா?" என்றார் டீச்சர்.

"குழுவுல பன்னெண்டு பேர்னு சேத்துக்கோங்க," என்றாள் வினிஷா.